யாரு வீட்டுப் பிள்ளை?

தேர்வு மண்டபத்து வினாக்களுக்கு முன்கூட்டியே படித்துக்கொண்டு போகலாம். போடிநாயக்கனூர்க் கடைத்தெரு வினாக்களுக்கு அந்த வசதி கிடையாது. கால் கிலோ கத்தரிக்காய் வாங்கப் போனவனிடம், "எந்தத் தெரு? யாரு வீட்டுப் பிள்ளை? அக்காவுக்குக் கல்யாணம் ஆயிருச்சா?" என்று முன்பின் அறியாத கடைக்காரர் கேட்பார். நாம் பதில் சொல்லி முடிப்பதற்குள், நமக்கே தெரியாத ஓர் உறவுமுறையைக் கண்டுபிடித்தும் விடுவார். கத்தரிக்காயில் சொத்தை இருந்தால் பிறகு திருப்பிக் கொடுக்க முடியுமா? சித்தப்பா ஆயிற்றே!

மாணவ நண்பர்கள் சிலருக்கு இது பிடிப்பதில்லை. "இவர்களுக்கு எதற்கு இந்த விசாரணை?" என்று முகம் சுளிக்கிறார்கள். காதில் பாட்டுக் கருவியைச் செருகிக்கொண்டு, செல்பேசியால் பணம் செலுத்திவிட்டு, ஒரு சொல்லும் பேசாமல் வீடு திரும்புவதே நாகரிகம் என்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. இவ்வினாக்களால் நமக்கு நட்டம் கொஞ்ச நேரந்தான். வரவு அதிகம் என்பது என் கட்சி.

வங்கிக்குப் போய்ப் பாருங்கள். சட்டைப்பையில் பேனா தெரிந்தால் போதும், நாம் எல்லாருக்கும் பிள்ளைதான். தேர்வுக் கட்டணம் கட்டப் போன நான் ஒருநாள் ஏழு சலான்கள் எழுதினேன், என்னுடையது எட்டாவது. ஒரு பெரியவர் தொகையைக் காதோடு காதாகச் சொன்னார். இரகசியமாம். சரியாகக் கேட்காமல் "எவ்வளவு தாத்தா?" என்றேன். "இருநூறுன்னேன்ல!" என்று அவரே வங்கி அதிரக் கூவினார். போகும்போது என் பேனாவையும் கொண்டு போய்விட்டார்.

இவையெல்லாம் சில்லறை. முழு நோட்டு ஒன்று இருக்கிறது.

நம் ஊரில் விடியுமுன்பே ஜீப்புகள் வந்து நிற்கும். தூக்குவாளியில் மதியச் சோற்றோடு பெண்கள் நெருக்கியடித்து ஏறுவார்கள். போடிமெட்டுச் சாலையின் 17 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து, பூப்பாறை, சாந்தன்பாறைப் பக்கத்து ஏலத்தோட்டங்களில் காய் எடுத்துவிட்டு, இருட்டும் வேளையில் இறங்கி வருவார்கள். பால் வாங்கப் புறப்பட்ட நான் ஒருநாள் அவ்வழியே போனேன். என் கையிலும் தூக்குவாளி! ஆள் கணக்கு எடுத்துக்கொண்டிருந்தவர், "ஒரு ஆளு குறையுது, ஏறுப்பா சீக்கிரம்" என்று என் தோளைப் பிடித்து உள்ளே தள்ளினார்.

ஜீப்பே குலுங்கிச் சிரித்தது. "அண்ணே, அது காலேஜுப் பிள்ளை. காயெடுக்கச் சொன்னா பிஞ்சையும் சேர்த்துப் பிடுங்கிப் போட்டுரும்" என்றார் ஓர் அம்மாள். செடியின் அடியில், தரையோடு ஓடும் சரத்தில், குனிந்தபடியே முற்றிய காயை மட்டும் பார்த்து எடுக்க வேண்டும். அது எனக்கு வராது என்பதை என் முகத்திலேயே படித்துவிட்டார்.

"என்ன தம்பி படிக்கிறே?" என்றார். "பொருளியல்" என்றேன், சற்றே பெருமையாக. "வெலவாசிப் படிப்புதானே? அப்ப ஒண்ணு சொல்லு. காய் ஏழாயிரத்துக்கு வித்துச்சே, அன்னைக்கு எங்க கூலி ஏன் ஏழாயிரத்துக்குத் தக்கன ஏறல?"

வண்டி கிளம்பிவிட்டது. பிழைத்தேன்!

ஆனால் கேள்வி கூடவே வந்துவிட்டது. 2019 ஆகஸ்டு மாத ஏலத்தில் ஏலக்காய் கிலோ 7000 ரூபாய் வரை போனது உண்மை. 2018 வெள்ளமும் அதையடுத்து வந்த வறட்சியும் செடிகளைக் கெடுத்தன. வரத்து குறைந்தது, விலை ஏறியது. தேவை, அளிப்பு என்று கரும்பலகையில் இரண்டு கோடுகள் போட்டால் இதற்கு முழு மதிப்பெண் கிடைக்கும். அந்த அம்மாளிடம் கிடைக்காது. காய் குறைந்தால் காயெடுக்கும் நாளும் குறையும். விலை உச்சிக்குப் போன அதே காரணத்தால் அவருக்கு வேலை இறங்கியிருக்கும். பின்னர் விலை ஆயிரத்துக்கும் கீழே விழுந்தபோதோ, "கட்டுப்படியாகவில்லை" என்ற பேச்சு முதலில் கூலியைத்தான் தொடும். ஏற்றத்தில் பங்கில்லை, இறக்கத்தில் உண்டு! எந்தக் கோட்டில் இதை வரைவது?

மூன்றாண்டுப் படிப்பில் இவ்வளவு கூர்மையான வினாவை நான் எந்த வினாத்தாளிலும் கண்டதில்லை. காதை அடைத்துக்கொண்டு போயிருந்தால் இதுவும் கிட்டியிருக்காது.

மறுமுறை அவரைக் கண்டால், எனக்குத் தெரிந்த மட்டும் விளக்குவேன். "காய் குறைஞ்சது என் குத்தமா தம்பி?" என்பார். அதற்கு விடை சொல்ல எங்கள் துறைப் பேராசிரியர் ஒருவரைத்தான் தூக்குவாளியோடு ஜீப்பில் ஏற்றி அனுப்ப வேண்டும்.