பாட்டிலே பழசு ஏது, புதுசு ஏது?

ஞாயிற்றுக்கிழமை வந்தால் வீட்டில் எல்லாரும் இருப்பார்கள். மீன் குழம்பு மணக்கும். பாட்டும் கேட்கும். கூடவே ஒரு சண்டையும் வரும்!

ராயபுரம் ஆனாலும் சரி, திருவொற்றியூர் ஆனாலும் சரி, எண்ணூர் ஆனாலும் சரி, சண்டை ஒன்றுதான்.

"எங்க காலத்துப் பாட்டுதான் பாட்டு! இப்போ வர்றதெல்லாம் வெறும் கூச்சல்" என்பார் தாத்தா.

"போ தாத்தா! உன் பாட்டைக் கேட்டா தூக்கம்தான் வருது" என்பான் பேரன்.

"ரெண்டு பேரும் வாயை மூடுங்க. சோறு ஆறிப்போவுது" என்று அதட்டுவாள் ஆயா.

சிரிப்பு வருகிற சண்டைதான். ஆனாலும் இதில் ஒரு பெரிய விஷயம் இருக்கிறது. எந்தப் பாட்டைக் காப்பாற்ற வேண்டும், எதைக் கைவிடலாம் என்ற விஷயம் அது. அதைச் சற்று யோசித்துப் பார்ப்போம்.

ஒற்றியூரில் பிறந்த பாட்டுகள்

பாட்டு விஷயத்தில் வடசென்னை யாருக்கும் இளைத்தது அல்ல.

சுமார் 1,200 ஆண்டுகளுக்கு முன் சுந்தரர் திருவொற்றியூருக்கு வந்தார். சங்கிலியாரை மணந்தார். பிரிய மாட்டேன் என்று சத்தியம் செய்து கொடுத்தார். பிறகு திருவாரூர் ஞாபகம் வந்தது. சத்தியத்தை மீறி ஊர் எல்லையைத் தாண்டினார். தாண்டியதும் கண் பார்வை போய்விட்டது என்கிறது பெரியபுராணம். கண்ணைத் திருப்பித் தரும்படி சிவபெருமானிடம் முறையிட்டார். அந்த முறையீடு பாட்டாக வந்தது. இன்றும் அது தேவாரத்தில் இருக்கிறது.

திருவையாற்றுத் தியாகராஜர் (1767 - 1847) சென்னைக்கு வந்தபோது இதே ஊருக்கு வந்தார். இங்குள்ள அம்மன் மீது தெலுங்கில் ஐந்து கீர்த்தனங்கள் பாடினார். "திருவொற்றியூர் பஞ்சரத்தினம்" என்று சங்கீதக்காரர்கள் அவற்றைப் போற்றுகிறார்கள்.

அடுத்து வள்ளலார். அவர் சென்னை ஏழுகிணற்றில் குடியிருந்தார். அங்கிருந்து ஒற்றியூர்க் கோவிலுக்கு வந்து போவார். வடிவுடையம்மன் மீது "வடிவுடை மாணிக்க மாலை" பாடினார்.

இன்று வள்ளலார் பாட்டைக் கேட்டால் நாம் கை கூப்புகிறோம். ஆனால் அது புதுப் பாட்டாக இருந்தபோது நடந்தது என்ன தெரியுமா?

1867-ம் ஆண்டு அவர் பாடல்கள் "திருவருட்பா" என்ற பெயரில் அச்சில் வந்தன. உடனே எதிர்ப்பும் வந்தது. யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் பெரிய படிப்பாளி. தேவாரம், திருவாசகம் போன்றவைதான் அருட்பா, இதை அப்படி அழைக்கக் கூடாது என்பது அவர் கட்சி. கண்டனப் பிரசுரங்கள் கிளம்பின. கடைசியில் சண்டை கோர்ட்டு வரை போய்விட்டது!

பார்த்தீர்களா? தாத்தாவும் பேரனும் போடுகிற சண்டையை அந்தக் காலத்துப் பெரியவர்களே போட்டிருக்கிறார்கள். இன்றைய பழைய பாட்டு எல்லாமே ஒரு நாள் புதுப் பாட்டாக இருந்ததுதான்.

வேலை வாங்கிய பாட்டு

கோவில் பாட்டுக்கு ஏடு இருந்தது. புத்தகம் இருந்தது. கடற்கரைப் பாட்டுக்கு என்ன இருந்தது? வாய் ஒன்றுதான் இருந்தது.

மீனவர்கள் பாடும் அம்பாப் பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கரைவலை இழுப்பது ஒருவர் செய்யும் வேலை அல்ல. பலர் கயிற்றைப் பிடிக்க வேண்டும். எல்லாரும் ஒரே நொடியில் இழுக்க வேண்டும். ஒருவர் முந்தினாலும், ஒருவர் பிந்தினாலும் வலை நகராது.

அப்போது ஒருவர் பாட்டை எடுப்பார். மற்றவர்கள் "ஏலேலோ" என்று பதில் கொடுப்பார்கள். அந்தப் பதிலோடு கை இழுக்கும். துடுப்புப் போடவும் பாட்டு. படகைத் தள்ளவும் பாட்டு. பாட்டுதான் மேஸ்திரி! பாட்டுதான் கடிகாரம்!

பாரம் தூக்கியவர்களுக்கும் பாட்டு இருந்தது. கட்டடத்துக்குச் சுண்ணாம்பு இடித்த பெண்களுக்கும் பாட்டு இருந்தது.

பிறகு காலம் மாறியது. படகில் எஞ்சின் வந்தது. எஞ்சின் சத்தத்தில் யார் பாட்டு யாருக்குக் கேட்கும்? 1983-ல் சென்னைத் துறைமுகத்தில் கன்டெய்னர் முனையம் வந்தது. முதுகில் சுமந்ததைக் கிரேன் தூக்கியது. உடம்பு பிழைத்தது, அதில் மகிழ்ச்சிதான். ஆனால் வேலை போனதும் அந்த வேலையின் பாட்டும் போய்விட்டது. அதை யாரும் எதிர்க்கவில்லை. யாரும் கோர்ட்டுக்கும் போகவில்லை. சத்தம் இல்லாமலே செத்துப்போயிற்று.

ரேடியோவும் சினிமாவும்

1930-ல் சென்னை மாநகராட்சி வானொலி நடத்தத் தொடங்கியது. 1938 ஜூன் 16-ந் தேதி அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் தொடங்கியது. பணக்காரர் வீட்டுக் கச்சேரி அதன் பிறகு டீக்கடைக்கு வந்தது. இலங்கை வானொலி கடல் தாண்டி வந்து வீட்டுக்குள் பாடியது.

சினிமாவில் பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் வந்தார். உழைப்பவன் பேச்சை உழைப்பவன் வார்த்தையிலேயே பாட்டாக்கினார். 1959-ல் மறைந்தபோது அவருக்கு வயது 29தான்! 1964-ல் "படகோட்டி" வந்தது. வாலி எழுதினார். விசுவநாதன் - ராமமூர்த்தி இசை அமைத்தார்கள். மீனவன் துயரம் ஊரெல்லாம் கேட்டது. நாகூர் அனிபாவின் கம்பீரக் குரல் மதம் பார்க்காமல் எல்லாத் தெருவிலும் ஒலித்தது.

இவைதான் இன்றைய தாத்தாக்களின் பாட்டு. பிடிக்காமல் இருக்குமா?

துக்கத்தைச் சுமந்த பாட்டு

இனி பேரன் கேட்கும் கானாவுக்கு வருவோம்.

கானா என்றால் சிலர் முகம் சுளிக்கிறார்கள். "ரவுடிப் பாட்டு" என்கிறார்கள். அது பிறந்து வளர்ந்த இடம் தெரிந்தால் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

வடசென்னையில் ஒரு சாவு விழுந்தால், இரவு முழுவதும் கானா பாடுவது உண்டு. செத்தவர் பெரிய மனிதராக இருக்க வேண்டியது இல்லை. மூட்டை தூக்கியவராக இருக்கலாம். ரிக்ஷா இழுத்தவராக இருக்கலாம். அவர் பெயரைச் சொல்லிப் பாடுவார்கள். அவர் எப்படி வாழ்ந்தார், யாருக்கு உதவினார் என்று பாடுவார்கள். பத்திரிகையில் இடம் பெறாத மனிதனுக்குப் பாட்டில் இடம் கிடைக்கிறது! பெண்கள் கட்டிய ஒப்பாரிக்குப் பக்கத்தில் வைக்க வேண்டிய பாட்டு அது.

1990-களில் இசை அமைப்பாளர் தேவா கானாவைச் சினிமாவில் பரப்பினார். 2006-ல் "சித்திரம் பேசுதடி" படத்தில் கானா உலகநாதன் மீன்களுக்குக் கல்யாணம் நடத்திப் பாடினார். மீன் பெயர் தெரியாத ஊர்களும் சேர்ந்து பாடின!

மறுபடியும் ஒரு முறையீடு

எண்ணூர் முகத்துவாரத்தில் கொசஸ்தலை ஆறு கடலில் கலக்கிறது. அங்கே மீனும் இறாலும் பிடித்துப் பிழைக்கிறவர்கள் பலர். அனல் மின் நிலையச் சாம்பல் அந்த நீரை நாசம் செய்கிறது என்று அவர்கள் பல ஆண்டுகளாகச் சொல்லி வந்தார்கள்.

2017 ஜனவரியில் ஒரு பாட்டு வந்தது. பெயர் "சென்னைப் புறம்போக்குப் பாடல்". சென்னைத் தமிழில் எழுதியவர் கபேர் வாசுகி. கர்நாடக ராகங்களில் பாடியவர் டி.எம்.கிருஷ்ணா. எண்ணூரிலேயே நின்று பாடிப் படம் எடுத்தார்கள்.

"புறம்போக்கு" என்று நாம் ஆளைத் திட்டுகிறோம். உண்மையில் அது யாருடைய சொந்தப் பட்டாவும் அல்லாத பொது நிலம். ஆறு, குளம், கடற்கரை எல்லாம் அதில் அடங்கும். அந்தப் பொதுச் சொத்துக்காக அந்தப் பாட்டு வாதாடியது.

அதே மாதம் 28-ந் தேதி எண்ணூர் அருகே கடலில் இரண்டு கப்பல்கள் மோதின. எண்ணெய் கரை வந்து சேர்ந்தது. 2023 டிசம்பரில் "மிக்ஜாம்" புயல் மழையின்போது முகத்துவாரத்திலேயே எண்ணெய் பரவியது. பாட்டு சொன்ன குறை இன்னும் தீரவில்லை.

அன்று சுந்தரர் கண்ணுக்காக முறையிட்டார். இன்று ஆற்றுக்காக முறையீடு. இரண்டும் பிறந்தது ஒரே கரையில்தான்.

நம் தீர்ப்பு

ஆகவே பாட்டுக்கு வயது பார்க்கக் கூடாது. வேலைப் பளுவைக் குறைக்கிறதா? துக்கத்தை ஆற்றுகிறதா? நியாயம் கேட்கிறதா? மனசுக்குச் சந்தோஷம் தருகிறதா? இதில் ஒன்றைச் செய்தாலும் அது நல்ல பாட்டு.

பெண்ணை இழிவு செய்யும் பாட்டும், குடியைப் பெருமையாகச் சொல்லும் பாட்டும் கெட்ட பாட்டுதான். 1955-ல் வந்திருந்தாலும் கெட்ட பாட்டு. நேற்று வந்திருந்தாலும் கெட்ட பாட்டு. தாத்தாவும் இதை ஒப்புக்கொள்ள வேண்டும். பேரனும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

சினிமாப் பாட்டு அழியாது; ஒலிப்பதிவு இருக்கிறது. தேவாரம் அழியாது; புத்தகம் இருக்கிறது. அழிவது எது? ஆயாவின் தாலாட்டு. வலை இழுத்த தாத்தாவின் அம்பா. சாவு வீட்டில் ஒரே இரவு பாடிவிட்டுப் போன கானா.

வாசகர்களே! படிப்பது மட்டும் அல்ல, எழுதுவதும் இப்போது நம் கையில் இருக்கிறது. ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். வீட்டுப் பெரியவர்களைப் பாடச் சொல்லி அப்படியே எழுதுங்கள். சொல்லைத் திருத்தாதீர்கள். பாடியவர் பெயர், ஊர், யாரிடம் கற்றார், எந்த வேலையின்போது பாடினார் என்பதையும் எழுதுங்கள். செல்போன் இருந்தால் குரலையும் பதிவு செய்யுங்கள். மெட்டு காகிதத்தில் தங்காது.

கூச்சத்தில் "எனக்கு என்ன தெரியும்" என்பார்கள். விடாதீர்கள். இன்னொரு முறை கேளுங்கள். பாடுகிறவர் இருக்கும்போதே கேட்டுவிட வேண்டும். அவர் போன பிறகு நோட்டு இருந்து என்ன பயன்?