மருந்தின் தடிப்பா, அம்மையா?

கே.கே. நகரிலிருந்து ஓர் இளந்தாய் எழுதிய கடிதம் நம் முன் உள்ளது. இரண்டரை வயது மகனுக்குக் காய்ச்சலும் சளியும் கண்டன. மழைக்காலம், அத்தெருவில் பாதிக் குழந்தைகளுக்கு அதே நிலை. மருத்துவரிடம் செல்லாமல், மருந்துக்கடையில் கேட்டு அமாக்ஸிசிலின் திரவ மருந்தை வாங்கிக் கொடுத்திருக்கிறார். நான்காம் நாள் காய்ச்சல் தணிந்தது. ஆறாம் நாள் மார்பிலும் முதுகிலும் சிறு சிறு சிவந்த புள்ளிகள் தோன்றி, மறுநாள் முகத்திற்கும் கைகால்களுக்கும் பரவின. "அம்மை போட்டிருக்கிறது" என்று மாமியார் வாசலில் வேப்பிலை செருகினார். "மருந்து ஒத்துக்கொள்ளவில்லை" என்றார் கணவர். குழந்தையோ விளையாடிக்கொண்டிருந்தான். ஒரு வாரத்தில் எல்லாம் மறைந்தது. இப்பொழுது மழலையர் பள்ளிப் படிவத்தில் ஒவ்வாமை பற்றிய கேள்விக்கு எதிரே 'பென்சிலின்' என்று எழுதலாமா என்பது அவரது வினா.

சற்றுப் பொறுங்கள், சகோதரி.

இளங்குழந்தைகளுக்குக் காய்ச்சலோடு வரும் தடிப்புகளில் பெரும்பாலானவை வைரஸ் கிருமிகளின் செயலே. ரோசியோலா என்றொரு நோய் உண்டு. மூன்று நாள் கடுங்காய்ச்சல் அடித்து, அது இறங்கியவுடன் உடலெங்கும் புள்ளிகள் மலரும். இடையில் எந்த மருந்தைக் கொடுத்திருந்தாலும் பழி அதன் தலையில் விழும்! தட்டம்மையிலும், சென்னை நன்கறிந்த டெங்குவிலும் தடிப்பு உண்டு. ஆகவே வேப்பிலை கட்டுவதில் கேடில்லை. கட்டிவிட்டு மருத்துவரிடம் காட்டாதிருப்பதில்தான் கேடு.

வைரஸும் மருந்தும் கூடிச் செய்யும் தடிப்பும் உண்டு. எப்ஸ்டீன்-பார் என்ற வைரஸால் சுரப்பிகள் வீங்கிக் காய்ச்சல் கண்டவர்களுக்கு ஆம்பிசிலின் கொடுத்தபோது மிகப் பெரும்பாலோருக்குத் தடிப்பு வந்ததை 1967-இல் பிரிட்டிஷ் மருத்துவர்கள் எழுதினர். அவர்களிற் பலர் நோய் தீர்ந்தபின் அவ்வகை மருந்தைத் தீங்கின்றி உட்கொள்ள இயன்றது. நம் நாட்டில் இவ்வைரஸ் பெரும்பாலும் இளமையிலேயே தொற்றி, சாதாரணக் காய்ச்சலாகக் கடந்துவிடுகிறது. பெற்றோர் அதன் பெயரையும் அறியார்.

கனடாவின் மான்ட்ரியல் நகரக் குழந்தைகள் மருத்துவமனையில், அமாக்ஸிசிலினால் தடிப்பு வந்ததாக ஐயுற்ற 818 குழந்தைகளுக்கு, மருத்துவர் கண்காணிப்பில் அதே மருந்தை மீண்டும் கொடுத்துப் பார்த்தனர். 2016-இல் வெளியான முடிவின்படி 94 விழுக்காட்டினருக்கு ஒன்றும் நேரவில்லை. உடனடி ஒவ்வாமை கண்டவர்கள் 17 பேரே. (இச்சோதனையை வீட்டில் செய்து பார்க்க எவரும் துணிய வேண்டாம்.)

ஒரு சொல்லைப் படிவத்தில் எழுதினால் என்ன என்று கேட்பீர்கள். அச்சொல் குழந்தையோடு வளரும். தொண்டைப் புண்ணைத் தொடர்ந்து வரும் வாதக்காய்ச்சல் இருதய வால்வுகளைக் கெடுப்பது நம் நாட்டில் இன்னும் நின்றபாடில்லை. அதைத் தடுக்க மூன்று வாரத்திற்கு ஒருமுறை, ஆண்டுக்கணக்கில் போடப்படும் ஊசி பென்சிலினே. 'ஒவ்வாமை' என்று எழுதிவிட்டால் எளிய, மலிவான அம்மருந்து அவனுக்கு மறுக்கப்படும். அதனினும் விலையுயர்ந்த, சில வேளை குறைந்த பயனுடைய மருந்தை நாட வேண்டிவரும்.

உண்மையான ஆபத்து வேறு முகத்தோடு வரும். மருந்து கொடுத்த ஒரு மணி நேரத்திற்குள் அரிப்புடன் தடித்த திட்டுகள் எழும்பினாலும், உதடோ கண்ணிமையோ வீங்கினாலும், மூச்சு இரைந்தாலும் ஒரு நொடியும் தாமதிக்கலாகாது. வாயிலும் கண்ணிலும் புண், தோலில் கொப்புளம், தோல் உரிதல் ஆகியவையும் அவ்வாறே. அத்தகைய குழந்தைக்கு அம்மருந்தை மீண்டும் கொடுக்கவே கூடாது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும், வருந்தாதீர்கள். அமாக்ஸிசிலின் வைரஸைக் கொல்லாது. சளிக்காய்ச்சலுக்கு அதை வாங்கியதே தேவையற்றது. மருத்துவர் சீட்டின்றி விற்றதும் முறையன்று. இவ்வகை மருந்துகளின் கண்மூடித்தனமான விற்பனையைக் கட்டுப்படுத்த வேண்டுமென 2012 ஆகஸ்டில் நம் சென்னையில் கூடிய மருத்துவச் சங்கங்கள் 'சென்னைப் பிரகடனம்' வெளியிட்டன. 2014 மார்ச் முதல் சில வீரியமான மருந்துகளை விற்கும்போது வாங்குவோர் விவரத்தைக் கடைக்காரர் தனிப் பதிவேட்டில் குறிக்க வேண்டும் என்பது சட்டமாயிற்று. அப்பட்டியலில் அமாக்ஸிசிலின் இல்லை. ஆயினும் அதற்கும் சீட்டு கட்டாயமே.

மருந்துக் குப்பியின் பெயர், கொடுக்கத் தொடங்கிய நாள், புள்ளிகள் தோன்றிய நாள், அரிப்பும் வீக்கமும் இருந்தனவா என்பவற்றை ஒரு தாளில் எழுதுங்கள். நிழற்படம் எடுத்திருந்தால் சேர்த்து வையுங்கள். ஈ.எஸ்.ஐ. காப்பீடு பெற்ற குடும்பமாயின் உங்கள் கே.கே. நகர் ஈ.எஸ்.ஐ. மருத்துவமனையிலும், இல்லையேல் எழும்பூர் அரசு குழந்தைகள் நல மருத்துவமனையிலும் காட்டி முடிவு கேளுங்கள். அதுவரை அம்மருந்தைத் தர வேண்டாம். படிவத்தில், "அமாக்ஸிசிலின் தொடங்கிய ஆறாம் நாள் சிவந்த புள்ளிகள், மூச்சுத் திணறல் இல்லை, மருத்துவர் கருத்து பெறப்படுகிறது" என்று எழுதுங்கள்.