இடம் பெயரும் கமக்காரரும் அவர்தம் கோழிகளும்

கமக்காரர் ஒருவர் தூரத்து ஊருக்குக் குடிபெயரும்போது நெல் மூடைகளை எண்ணி ஏற்றுகின்றார். நீரிறைக்கும் இயந்திரத்தைக் கயிற்றாற் கட்டுகின்றார். கண்ணாடிச் சாமான்களை வைக்கோலிற் பொதிகின்றார். கோழிகளை மாத்திரம் கடைசி நேரத்திற் பிடித்து, காலைக் கட்டி, சாக்கிலிட்டு, லொறியில் எஞ்சிய மூலையில் எறிந்துவிடுகின்றார். சாக்கை அவிழ்க்கும்போது பாதி இறந்து கிடந்தால் அது விதியென்று கூறுவாரும் உளர். அது விதியன்று, கவனக் குறைவே.

1995ஆம் ஆண்டு ஐப்பசியில் வலிகாமத்து மக்கள் ஓரிரவிற் புறப்பட்டபோது, கூட்டைத் திறந்துவிட்டுச் செல்வதன்றிப் பலருக்கு வேறு வழி இருக்கவில்லை. அவர்களைக் குறைகூறுதல் தகாது. ஆனால், நாள் குறித்து, லொறி பேசிப் புறப்படுவோர்க்கு அத்தகைய சாட்டு இல்லை.

"இங்கே விற்றுவிட்டு அங்கே வாங்கலாம்" என்பர் சிலர். கிழட்டுக் கோழிக்கும் நோயுற்ற கோழிக்கும் பயணம் ஆகாது என்பது உண்மையே. ஆயினும், நன்றாக அடைகாத்துக் குஞ்சுகளைக் காப்பாற்றும் ஊர்க்கோழியைச் சந்தையில் தெரிந்தெடுப்பது எளிதன்று. புதுக் காணியில் முதற் போகம் வீடு வந்து சேருமட்டும் இல்லாளின் கைச்செலவுக்கு உதவுவது முட்டைக் காசு. மிளகாய்த் தோட்டத்துக்கு உதவுவது கோழி எரு.

வழியிற் கோழியைக் கொல்வது பெரும்பாலும் வெப்பமே. அதன் உடற்சூடு ஏறக்குறைய 41 பாகை செல்சியஸ். வியர்வைச் சுரப்பிகள் இன்மையால், வாயைத் திறந்து இளைத்தே அது சூட்டைத் தணிக்கின்றது. சாக்கினுள் அதற்கும் வழியில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து வவுனியா ஏறக்குறைய 140 கிலோமீற்றர்; மட்டக்களப்போ அதனினும் இருமடங்குக்கு மேல். ஏற்றி இறக்கும் நேரத்தையும் கூட்டினால் ஒரு பகல் கழிந்துவிடும். ஓடும் லொறியிலும் பார்க்க வெயிலில் நிற்கும் லொறியே கொடியது. தேநீர்க் கடைக்கு முன் அரைமணி நேரம் நிறுத்துவோர் இதனை மறத்தலாகாது.

ஆதலின் இரவிற் புறப்படுவதே நன்று. கோழிகள் உறங்கும் வேளையில், இரு சிறகுகளையும் உடலோடு அணைத்துப் பிடித்தால் அவை பதறமாட்டா. மூன்றடி நீளமும் இரண்டடி அகலமும் ஓரடி உயரமுமுள்ள சலாகைப் பெட்டியொன்றில் பத்துப் பெட்டைகளை விடலாம். அதற்கு மேல் வேண்டாம். அடியில் உமி பரப்புக. சேவல்களைத் தனித்தனியே வைத்தல் வேண்டும். புறப்படுவதற்குச் சில மணி நேரம் முன்பே இரையை நிறுத்துக, நீரை நிறுத்தலாகாது. பெட்டிகளை லொறியின் பின்புறத்தில், இடையே காற்றுப் புகுமாறு அடுக்கி, தறப்பாளால் மூடாது விடுதல் வேண்டும். இரண்டு மூன்று மணித்தியாலத்துக்கு ஒருமுறை நிழலில் நிறுத்தி நீர் காட்டுக. வெள்ளரிக்காய்த் துண்டும் உதவும். இவற்றிற்குச் சில சலாகைகளும் ஒரு மாலை நேர உழைப்புமே செலவு.

உயிருடன் கொண்டு சேர்ப்பதோடு கடமை முடிந்துவிடாது. புதிய ஊரில் அயலாரின் கோழிகளும் உள்ளன. இராணிக்கேத்து நோய் உடலுட் புகுந்து 2 முதல் 15 நாட்களுக்குள் வெளிப்படலாம். புறப்படும்போது நலமாகத் தோன்றிய கோழியே ஓர் ஊரின் கோழிகளுக்கெல்லாம் நோயைக் கொடுத்துவிடக்கூடும். வந்தபின் தீர்க்க மருந்தில்லை. வருமுன் காக்கத் தடுப்பூசி உண்டு. எனவே, மூன்று வாரங்களுக்கு முன்னரே கால்நடை வைத்திய அதிகாரியை நாடுதல் வேண்டும். போய்ச் சேர்ந்ததும் முதலில் நீரும் பின்னர் இரையும் கொடுத்து, மூன்று வாரம் கூட்டிலேயே அடைத்து வைத்தால் நோயுண்டாயின் தெரியவரும். கோழிகளும் புதிய கூட்டைத் தம் இடமென அறிந்துகொள்ளும். முட்டை சில நாட்களுக்குக் குறைந்தாலும் மனந்தளர வேண்டியதில்லை.

புதிய ஊரார் வந்தவரை முதலில் அறிவது அவர் கொண்டுவந்த பொருள்களால் அன்று; அவர் நடந்துகொள்ளும் முறையாலேயாம். அயலாரின் கோழிக்கூட்டுக்கு நோய் கொண்டுவராத குடும்பமே நல்ல அயலெனப் பெயர் பெறும்.