தேசபக்தியில் பிடிக்கப்படும் சம்பளம்

எட்டாவது ஊதியக் குழு வேலையைத் தொடங்கியதும் பழைய பல்லவியும் தொடங்கிவிட்டது: ‘விஞ்ஞானிகள் பணத்துக்காகவா உழைக்கிறார்கள்?’ இதைத் திருவனந்தபுரம் வலியசாலைக்கு வந்து சொல்லிப் பார்க்கட்டும். கழுத்தில் அடையாள அட்டையோடு காலையில் இஸ்ரோ பேருந்துக்குக் காத்து நிற்பவர்களுக்கும் வீட்டுக் கடன் உண்டு. சாலைக் கடைத்தெருவில் அவர்களுக்கென்று யாரும் மலிவு விலையில் அரிசி அளந்து கொடுப்பதில்லை.

சந்திரயான்-3க்கு ஆன செலவு 615 கோடி ரூபாய். 140 கோடிப் பேருக்குப் பங்கிட்டால் தலைக்கு நாலரை ரூபாய்கூட இல்லை. ‘இன்டர்ஸ்டெல்லார்’ என்ற ஹாலிவுட் படத்துக்கு ஆனதோ 16.5 கோடி டாலர். ஏறக்குறைய இரு மடங்கு. நாடே இந்தக் கணக்கைச் சொல்லிச் சொல்லிப் பூரித்தது. சிக்கனத்தின் ரகசியத்தை இஸ்ரோவின் முன்னாள் தலைவர் மாதவன் நாயர் அப்போதே உடைத்தார்: உலக அளவில் தரப்படும் ஊதியத்தில் ஐந்தில் ஒரு பங்குதான் நம்மவர்களுக்கு. அதாவது, நாம் பெருமைப்பட்ட மிச்சம் அவர்கள் சம்பளக் கவரிலிருந்து எடுத்தது.

எடுத்தது போதாதென்று பறிக்கவும் செய்தார்கள். 1996 முதல் வழங்கிவந்த இரண்டு கூடுதல் ஊதிய உயர்வுகளை 2019 ஜூலை 1 முதல் ரத்து செய்தது அரசு. அதே மாதம் 22ஆம் தேதி சந்திரயான்-2 பறந்தது. கைதட்டியவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

‘அரசு வேலை, ஓய்வூதியம் இருக்கிறதே’ என்பவர்கள், பழைய ஓய்வூதியத் திட்டம் இருந்த 2004க்கு முந்தைய உலகில் வாழ்கிறார்கள். அவர்களோடு வாதாடிப் பயனில்லை.

வேலையில் கிடைக்கும் நிறைவு பொய்யல்ல. அதற்காகவே வாழ்நாளெல்லாம் தும்பா விண்வெளி மையத்தில் கழித்தவர்கள் உண்டு. ஆனால் விசுவாசத்தைத் தள்ளுபடிச் சீட்டாக்கினால் அது எத்தனை தலைமுறை தாங்கும்? ஐஐடியில் ஆள் எடுக்கப் போனபோது சம்பள விவரத்தைப் பார்த்ததுமே 60 சதவீதம் பேர் எழுந்து போனதாக 2023இல் சொன்னவர் அன்றைய இஸ்ரோ தலைவர் சோமநாத். தொடக்க அடிப்படைச் சம்பளம் 56,100 ரூபாய். எழாமல் என்ன செய்வார்கள்? போகிற இடமும் இப்போது வானத்துக்கு வெளியே இல்லை. 2022இல் இந்தியாவின் முதல் தனியார் ராக்கெட்டை ஏவிய ஸ்கைரூட் நிறுவனத்தைத் தொடங்கிய இருவருமே இஸ்ரோவில் இருந்தவர்கள்தான்.

நீதிபதி ரஞ்சனா தேசாய் தலைமையிலான எட்டாவது ஊதியக் குழு விண்வெளித் துறைக்குத் தனி ஊதிய விகிதம் பரிந்துரைக்க வேண்டும். இல்லையேல் பத்தே ஆண்டில் தும்பா, தனியாருக்கு ஆள் தயாரிக்கும் பயிற்சிப் பள்ளியாகிவிடும். முதல் வேலையாக, 2019இல் பறித்த அந்த இரண்டு உயர்வுகளை நிலுவையோடு திருப்பிக் கொடுங்கள்.