ஒரே மழை, ஒரே போகம்

வவுனியாவின் எல்லைக் கிராமங்களில் தமிழ்க் கமக்காரரும் சிங்களக் கமக்காரரும் ஒரே மழையை நம்பித்தான் பெரும்போகம் விதைக்கிறார்கள். உழவு மெஷின் கை மாறும், விதைநெல் கை மாறும். ஒரு பெடியனும் பெட்டையும் விரும்பிவிட்டால் மட்டும் எல்லாருக்கும் இனம் ஞாபகம் வந்துவிடும்.

பதினெட்டு வயது நிரம்பிய இருவர் இனம் கடந்து பதிவுத் திருமணம் செய்ய எந்தச் சட்டத் தடையும் இல்லை. தடுப்பது வீடும் ஊரும்தான்.

பிள்ளையை, காணியைப் பறிகொடுத்த வீட்டின் கோபத்தை நாங்கள் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கணக்கை அரசிடம் கேட்க வேணும், இருபது வயதுப் பிள்ளையிடம் அல்ல.

கலியாணத்தால இனப்பிரச்சினை தீரும் எண்டு நாங்கள் சொல்லேல்லை. விரும்பினதுக்காகப் படிப்பை நிப்பாட்டி, அவசரமாக் கட்டிக் குடுக்காதீங்கோ எண்டுதான் கேக்கிறம்.