குழந்தை மூக்கில் எண்ணெய்!

பிள்ளை பெற்ற வீடுகள் பலவற்றில் தினமும் காணும் காட்சி இது.

பாட்டி காலை நீட்டி உட்காருவாள். குழந்தையைக் கால்மீது கிடத்துவாள். உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்து வெந்நீர் ஊற்றுவாள். குளிப்பாட்டி முடிந்ததும், மூக்கில் இரண்டு சொட்டு எண்ணெய் விடுவாள். சளி இளகும், மூச்சு தாராளமாக வரும் என்பது அவள் நம்பிக்கை.

உடம்பில் தேய்த்த எண்ணெயால் வரும் ஆபத்து அல்ல இது. மூக்கில் விட்ட அந்த இரண்டு சொட்டுதான் வினை!

தண்ணீர் புரையேறினால் என்ன ஆகிறது? உடனே இருமல் வருகிறது. கண் கலங்குகிறது. நுரையீரலைக் காக்க இயற்கை வைத்திருக்கும் காவல் அது. எண்ணெய் இந்தக் காவலை ஏமாற்றிவிடும். வழவழப்பான அது தொண்டையை உறுத்துவதில்லை. இருமலைக் கிளப்பாமலே மூச்சுக்குழாயில் வழிந்து இறங்கிவிடும். தூசியையும் சளியையும் மேலே தள்ளுவதற்கென்று அந்தக் குழாயின் உட்புறத்தில் நுண்ணிய மயிரிழைகள் இருக்கின்றன. எண்ணெய் படிந்தால் அவற்றின் வேலையும் கெடும்.

நுரையீரலுக்குள் துப்புரவு வேலை செய்யும் அணுக்கள் உண்டு. அவை எண்ணெயை விழுங்கும். ஆனால், எளிதில் ஜீரணிக்க முடியாமல் திணறும். எண்ணெய் தங்கிய இடம் புண்பட்டு வீங்கும். நாளடைவில் தழும்பேறிக் கெட்டிப்படுவதும் உண்டு. இதற்கு 'லிப்பாய்டு நிமோனியா' என்று பெயர். எண்ணெயால் வந்த நிமோனியா என்று சொன்னால் எல்லோருக்கும் புரியும்.

இது புதிய கண்டுபிடிப்பு அல்ல. மூக்கில் எண்ணெய் மருந்து விட்டதால் வந்த இந்த நோயைப்பற்றி 1925-லேயே மேல்நாட்டு மருத்துவ ஏட்டில் எழுதப்பட்டது. தென்னிந்தியக் குழந்தைகளிடம் காணப்பட்ட எண்ணெய் நிமோனியாவைப்பற்றி 1973-ல் பிரிட்டிஷ் மருத்துவ ஏடு ஒன்றில் கட்டுரை வந்தது. அப்படியும் சொட்டு விடும் பழக்கம் முற்றிலும் ஒழியவில்லை.

காரணம் இருக்கிறது. எண்ணெய் விட்ட குழந்தைகள் எல்லோருக்கும் நோய் வருவதில்லை. பத்துப் பிள்ளைகளை வளர்த்த பாட்டி, "ஒன்றுக்கும் ஒன்றும் ஆகவில்லையே!" என்பாள். அவள் சொல்வது பொய் அல்ல. பாட்டியின் மூக்கிலும் அவளுடைய பாட்டி எண்ணெய் விட்டவள்தான்.

விளக்கெண்ணெய் புகட்டுவதும் இப்படித்தான். குழந்தையை மல்லாக்கப் படுக்கவைத்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு, அழ அழச் சங்கில் ஊற்றுகிறார்கள். அழுகிற குழந்தை மூச்சை இழுக்கும். வயிற்றுக்குப் போகவேண்டியது நுரையீரலுக்குப் போய்விடும்.

பெரியவர்களும் தப்புவதில்லை. வாயில் குழாயை வைத்து டீசல் உறிஞ்சி எடுக்கும் லாரிக்காரர்களுக்கு இந்த நோய் வந்திருக்கிறது. மலச்சிக்கலுக்காகப் படுக்கும் நேரத்தில் பாரபின் எண்ணெய் குடித்த கிழவர்களுக்கும் வந்திருக்கிறது. அமெரிக்காவில் 2019-ல், எண்ணெய்த் தன்மையுள்ள வைட்டமின்-ஈ அசிட்டேட் கலந்த மின்-சிகரெட் புகையால் நுரையீரல் நோய் பரவியது. 2020 பிப்ரவரிக்குள் 2,807 பேர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். 68 பேர் இறந்தார்கள். அவர்கள் விரும்பி இழுத்த புகை அது. கைக்குழந்தை எதையும் விரும்பிக் கேட்கவில்லை.

இந்த நோயைக் கண்டுபிடிப்பது சுலபம் அல்ல. இருமல், வேகமான மூச்சு, சில வேளை காய்ச்சல். எக்ஸ்ரே எடுத்தால் சாதாரண நிமோனியாபோலத் தெரியும். சில சமயம் காசநோயோ என்றுகூடச் சந்தேகம் வரும். மருந்துக்குமேல் மருந்து கொடுத்தும் குணம் தெரியாது. வீட்டுக்குப் போனதும் மறுபடியும் எண்ணெய்ச் சொட்டு!

"என்ன மருந்து கொடுத்தீர்கள்?" என்று டாக்டர் கேட்டால், "ஒன்றும் இல்லை" என்கிறாள் தாய். எண்ணெயை அவள் மருந்தாக நினைப்பதில்லை. "மூக்கில் எண்ணெய் விட்டீர்களா?" என்று கேட்டால்தான் உண்மை வெளிவரும். அந்தக் கேள்வியைத் தாயிடம் மட்டும் கேட்டால் போதாது. குளிப்பாட்டுகிறவளையும் கூப்பிட்டுக் கேட்கவேண்டும்.

எண்ணெயை நிறுத்துவதுதான் முதல் சிகிச்சை. நுரையீரலைக் கழுவி எடுக்கும் முறையும் இருக்கிறது. ஆனால் மாதக்கணக்கில் ஊறிப்போன எண்ணெயை முழுவதும் எடுத்துவிட முடியாது.

பிரசவ ஆஸ்பத்திரியிலிருந்து தாயை வீட்டுக்கு அனுப்பும்போது தடுப்பூசி பற்றிச் சொல்லுகிறார்கள். தாய்ப்பால் பற்றியும் சொல்லுகிறார்கள். மூக்கில் எண்ணெய் விடாதே என்பதையும் சேர்த்துச் சொல்ல அரை நிமிடம் போதும். அதைச் சொல்லும்போது, பக்கத்தில் துணைக்கு இருக்கும் பாட்டியும் கேட்கும்படி சொல்லவேண்டும்.