அம்மாவுக்கு எப்போது ஞாயிற்றுக்கிழமை?

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டரை மணி. அப்பா பேப்பரை விரித்துக்கொண்டு நாற்காலியில் சாய்ந்திருக்கிறார். மகன் இன்னும் போர்வைக்குள். மகள் போனும் கையுமாக சோபாவில். தாத்தா இரண்டாவது காபிக்காகக் காத்திருக்கிறார். அடுக்களையில் மட்டும் மிக்ஸி ஓடிக்கொண்டிருக்கிறது. மற்ற நாட்களில் இட்லியோடு முடிந்துவிடும். இன்று லீவு நாள் என்பதால் பூரி கிழங்கு. மதியத்துக்குக் கறிக்குழம்பு. மற்றவர்களுக்கு விடுமுறை என்றால் அம்மாவுக்குக் கூடுதல் வேலை. பல வீடுகளில் ஞாயிறு இப்படித்தான் விடிகிறது.

இது வெறும் புலம்பல் இல்லை, கணக்கும் இருக்கிறது. நம் மக்கள் ஒரு நாளின் 24 மணி நேரத்தை எப்படிச் செலவிடுகிறார்கள் என்று மத்திய அரசு 2019-ல் நாடு முழுக்கக் கணக்கெடுத்தது. சம்பளம் இல்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்காக நாளொன்றுக்குச் செலவிட்டது சராசரியாக 299 நிமிடங்கள். அதில் ஈடுபடும் ஆண்கள் செலவிட்டது 97 நிமிடங்கள். 2024-ல் மறுபடியும் கணக்கெடுத்தபோது பெண்களுக்கு 289 நிமிடங்களாகக் குறைந்திருந்தது. அந்தப் பத்து நிமிடத்தை ஆண்கள் வாங்கிக்கொண்டார்களா என்று பார்த்தால், அவர்கள் கணக்கும் 88 ஆகக் குறைந்திருந்தது!

289 நிமிடங்களை ஏழால் பெருக்கினால் வாரத்துக்கு 33 மணி நேரத்துக்கு மேல் வருகிறது. வேலைக்குப் போகும் பெண்ணுக்கு ஆபீஸ் நேரம் தனி. தொழிற்சாலையில் வாரத்துக்கு 48 மணி நேரம்தான் வேலை, ஒரு நாள் கட்டாய விடுமுறை என்று 1948-ம் வருடச் சட்டமே சொன்னது. அடுக்களைக்கு அப்படி ஒரு சட்டம் இல்லை.

சரி, ஓய்வு நேரம் கிடைக்காவிட்டால் என்ன குறைந்துவிடும்? உடம்பு அசதி மட்டும்தானா? ஒவ்வொரு வயதிலும் ஓய்வு நேரம் என்ன செய்கிறது என்று பார்த்தால் இதற்குப் பதில் கிடைக்கும்.

விளையாடும் வயது

குழந்தைக்கு விளையாட்டுதான் முதல் பள்ளிக்கூடம். பல்லாங்குழியின் 14 குழிகளில் சோழியைப் போட்டு எடுக்கும் குழந்தை, எண்ணவும் முன்கூட்டியே யோசிக்கவும் கற்றுக்கொள்கிறது. ஐந்தாங்கல்லில் கையும் கண்ணும் சேர்ந்து பழகுகின்றன. தெருவில் ஓடிப்பிடித்து விளையாடும்போது, ‘நீ அவுட்’ என்றால் ஒப்புக்கொண்டு வெளியே நிற்கவும் பழகுகிறது. தோற்றுப் பழகாத பிள்ளை பெரியவனானதும் சின்னத் தோல்விக்கே உடைந்துபோகலாம்.

ஓய்வும் விளையாட்டும் குழந்தைகளின் உரிமை என்று ஐ.நா.வின் 1989-ம் வருட குழந்தைகள் உரிமை உடன்படிக்கை சொல்கிறது. 1992-ல் இந்தியாவும் அதை ஏற்றுக்கொண்டது. ஆனாலும் பள்ளியில் பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியார் கடன் வாங்குவது மட்டும் நிற்கவில்லை.

‘பரீட்சை முடியட்டும்’

பத்தாம் வகுப்பு வந்ததும் முதலில் நிற்பது பாட்டு கிளாஸ். அடுத்தது ஷட்டில் பேட். ‘இந்த ஒரு வருஷம்தானே’ என்பார்கள். அந்த ஒரு வருடம் பிளஸ் டூ வரை நீளும். பிறகு நுழைவுத் தேர்வு வரும். அதற்குள் பேட்டின் நரம்பு தளர்ந்திருக்கும்.

5 முதல் 17 வயது வரை உள்ளவர்கள் தினமும் சராசரியாக ஒரு மணி நேரமாவது உடலை அசைத்து இயங்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பொதுத்தேர்வு எழுதும் பிள்ளைகளும் அந்த வயதுக்குள்தான் வருகிறார்கள். அவர்களுக்கென்று விதிவிலக்கு எதுவும் இல்லை. சாயங்காலம் அரை மணி நேரம் மைதானத்துக்குப் போய் வரும் பிள்ளை, நேரத்தை வீணடித்துவிட்டதாக நினைக்க வேண்டாம். பதற்றம் கொஞ்சம் இறங்கினால்தான் படித்தது மனதில் தங்கும்.

சம்பாதிக்கும் வயது

வாரத்துக்கு 55 மணி நேரமும் அதற்கு மேலும் வேலை செய்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் வேலை செய்பவர்களைவிட பக்கவாத ஆபத்து 35 சதவிகிதம் அதிகம். உலக சுகாதார நிறுவனமும் சர்வதேச தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து 2021-ல் வெளியிட்ட ஆய்வின் முடிவு இது.

வேலை முடிந்து வந்து போனைத் தள்ளிக்கொண்டே இருப்பதும் ஓய்வுதானே என்று கேட்கலாம். பத்து நிமிடம் என்றால் சரி. இரண்டு மணி நேரம் கழித்துத் தலைவலியோடு எழுந்தால் அது ஓய்வுக் கணக்கில் சேராது. கையும் மனமும் ஒன்றில் ஈடுபட்டு, நேரம் போவதே தெரியாமல் இருப்பதைத்தான் மிஹாய் சிக்சென்ட்மிஹாயி என்ற உளவியல் அறிஞர் வாழ்நாள் முழுக்க ஆராய்ந்தார். செய்கிற காரியம் மிகச் சுலபமாக இருந்தால் சலிப்பு, மிகக் கடினமாக இருந்தால் பயம், இரண்டுக்கும் நடுவில் இருந்தால் ஆனந்தம் என்பது அவர் கண்டது.

மார்கழியில் இருபது புள்ளிக் கோலத்தில் சிக்கைத் தொடங்கிய இடத்திலேயே கொண்டுவந்து முடித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அதே கை, ஆபீஸ் பஸ்ஸுக்கு நேரமான அவசரத்தில் வாசலில் நாலு கோடு இழுக்கும்போது அது வேலை. விரும்பி உட்கார்ந்து போடும்போதுதான் அது ஓய்வு.

ரிட்டயர் ஆன பிறகு

‘ரிட்டயர் ஆனதும் நிம்மதியாகப் புத்தகம் படிக்க வேண்டும்’ என்று சொல்லாதவர்கள் குறைவு. முப்பது வருடம் புத்தகத்தைத் தொடாதவருக்கு அறுபது வயதில் பத்துப் பக்கம் படிப்பதற்குள் கண் சொக்குகிறது. மூன்றாவது மாதமே டி.வி. ரிமோட்டும், மருமகள் சமையலில் குறை கண்டுபிடிப்பதும் முழுநேர வேலையாகிவிடுகின்றன. ஓய்வு நேரத்தைப் பயன்படுத்தவும் பழக்கம் வேண்டும். அதை நாற்பதிலேயே ஆரம்பிப்பது நல்லது.

நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் 75 வயதைத் தாண்டிய 469 பேரைச் சுமார் ஐந்து வருடம் கவனித்து, 2003-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். படிப்பது, பலகை விளையாட்டு, இசைக்கருவி வாசிப்பது, நடனம் என்று ஏதாவது ஒன்றில் அடிக்கடி ஈடுபட்டவர்களுக்கு மறதி நோய் வரும் வாய்ப்பு குறைவாக இருந்தது. பொழுதுபோக்கு மட்டுமே நோயைத் தடுத்துவிடும் என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. நோய் வெளியே தெரியும் முன்பே சிலருக்கு ஆர்வம் குறைந்திருக்கலாம். ஆனால், தாத்தாவும் பேரனும் ஆடுபுலி ஆட்டத்தில் உட்காருவதால் யாருக்கும் நஷ்டமில்லை.

மறுபடியும் அடுக்களைக்கு

இப்படி ஒவ்வொரு வயதிலும் சேர்த்து வைக்க வேண்டியதைச் சேர்க்க முடியாமலே அறுபதைத் தொடுகிறவர், பல வீடுகளில் அம்மாதான். ‘உனக்கு என்ன பிடிக்கும்?’ என்று அவரிடம் கேட்டால், ‘பெரியவனுக்கு அதிரசம், சின்னவளுக்கு முறுக்கு’ என்று பதில் வரும். தனக்குப் பிடித்ததை அவர் மறந்து பல வருடமாகியிருக்கும்.

வழி பெரிதாக ஒன்றுமில்லை. ஞாயிறு காலை இரண்டு மணி நேரம் அம்மாவுடையது என்று வீட்டில் எல்லோரும் பேசி முடிவு செய்யலாம். டிபன் பொறுப்பு அப்பாவுக்கும் பிள்ளைகளுக்கும். என்ன செய்வது என்று யோசிப்பதும், ரவை இருக்கிறதா என்று பார்ப்பதும், பாத்திரம் கழுவுவதும் அதில் அடங்கும். ‘சும்மா உட்காரு, கடுகு எங்கே இருக்குன்னு மட்டும் சொல்லு’ என்றால் அவர் உட்கார்ந்த மாதிரி இல்லை.

முதல் வாரம் அம்மாவே எழுந்து துணி மடிக்கப் போவார். இரண்டாவது வாரமும் போகலாம். நான்காவது வாரம், கல்யாணத்துக்கு முன் பாதியில் விட்ட எம்பிராய்டரி துணி பீரோவின் அடித்தட்டிலிருந்து வெளியே வரலாம். நூலகத்தின் பழைய உறுப்பினர் அட்டை வரலாம். ஒன்றுமே வராமல் அவர் ஜன்னலோரம் காபியோடு உட்கார்ந்திருந்தாலும் சரிதான். அதைப் பார்த்து வளரும் மகளுக்குத் தன் நேரமும் தனக்குரியது என்று புரியும். மகனும் கடுகு டப்பா இருக்கும் இடத்தைத் தெரிந்துகொள்வான்.

உப்புமாவில் உப்பு கொஞ்சம் தூக்கலாக இருக்கும். அம்மா எதுவும் சொல்லாமல் சாப்பிட்டுவிட்டு, பேப்பரின் அடுத்த பக்கத்தைத் திருப்பட்டும்.